கூரை எண்

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. மூட்டை தூக்கி வந்த வலியாக இருந்தால் பெருமையாகவாவது சொல்லிக்கொள்ளலாம். இது நாற்காலி கொடுத்த வலி. அதை வெளியே சொல்லச் சின்னவளுக்குக் கூச்சம். அந்த வீட்டில் வலியைப் பற்றிப் பேசும் உரிமை ஒருத்திக்குத்தான் உண்டு, அவள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அதனால் கதவைச் சாத்திவிட்டு வெறுந்தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். இரும்புப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும் திருட்டுப் பூனை மாதிரி எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன, படுத்துக் கிடந்தியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, சும்மா உக்காந்திருந்தேன்."

"உக்காந்திருந்தா கன்னத்துல தரையோட அச்சு எப்படி விழும்? வலிச்சா வலிக்குதுன்னு சொல்லேண்டி. அதுக்கு என்ன வரியா போடுறாங்க?"

அக்கா பக்கெட்டில் தண்ணீர் பிடித்து இரண்டு கால்களையும் உள்ளே விட்டாள். கணுக்கால் எலும்பு தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

அம்மா போனபோது அந்த வீட்டில் ஒருத்தி படிக்கலாம், ஒருத்தி நிற்கலாம் என்கிற நிலை. அக்கா நின்றாள். இன்றுவரை நின்றுகொண்டேதான் இருக்கிறாள், ஒரு சலவைக்கூடத்தின் இஸ்திரி அறையில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஹோட்டல் துண்டு, தலையணை உறை என்று லாரி லாரியாக வரும். கீழ்த்தளத்தில் துவைக்கிற இயந்திரங்களும் கொதிகலனும். மேல்தளத்தில், தகரக் கூரைக்கு அடியில், இஸ்திரி. கீழேயிருந்து ஆவி ஏறும், மேலேயிருந்து தகரம் சூட்டை இறக்கும். நடுவில் மனுஷி. கோடையில் யாராவது மயங்கி விழுந்தால் படிக்கட்டில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். கண் திறந்ததும் திரும்ப நிறுத்துவார்கள். விழுந்தவளுக்கு அன்று முழுக்கக் கேலிதான் மிச்சம்.

சின்னவள் வேலை பார்த்த நிலையத்தில் இயந்திரம் கிடையாது, சரக்கு கிடையாது. பருவநிலை கெட்டுப்போவதைப் பற்றி ஏதாவது செய்தாக வேண்டும் என்று லாபம் பார்க்காமல் தொடங்கிய சின்னச் சின்ன ஸ்டார்ட்அப்களுக்குத் தோள் கொடுப்பதுதான் அதன் தொழில். அவர்கள் அள்ளிக்கொண்டு வரும் தகவலைச் சுத்தம் செய்து வரிசைப்படுத்துவது, தனித்தனியாக முட்டி மோதிக்கொண்டிருப்பவர்களை ஒன்றாக உட்கார வைப்பது, கடைசியில் அதை அரசாங்கத்தின் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தகவல் மேசை சின்னவளுடையது.

"அப்போ நீ தரகு வேலை பாக்குற" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"கமிஷன் இல்லாத தரகு."

"கமிஷன் இல்லாட்டி அது தரகு இல்லடி, தலையெழுத்து."

அந்தத் தலையெழுத்துதான் இன்று வீட்டுக்குள் வந்திருந்தது. சின்னவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பொத்தானை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இது என்ன, உன் சட்டையிலேருந்து பிஞ்சுதா?"

"வெப்பம் அளக்கற கருவி, அக்கா. வேலைக்குப் போட்டுக்கற கோட்டுக்குள்ள ஊசி குத்தி வெச்சுக்கிட்டா போதும். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவுன்னு அதுவே எழுதிக்கும்."

அதைச் செய்தவள் ஒரு பொறியாளர், வேலையை விட்டுவிட்டு இரண்டு பேருடன் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து பொத்தான் செய்கிறவள். நிலையத்தில் அவளுக்குப் பட்டன் மேடம் என்று பெயர். அரசாங்கம் அப்போது வெயில் விதி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தது. சூடு இன்ன அளவைத் தாண்டினால் மதியம் இரண்டு மணி நேரம் வேலையை நிறுத்த வேண்டும், கூலியைப் பிடிக்கக் கூடாது. ஆனால் அது வெட்டவெளியில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். கூரைக்கு அடியில் இருப்பவருக்கு எதற்கு வெயில் விதி என்று முதலாளிகள் சங்கம் கேட்டது. உள்ளேயும் வேகிறது என்று காட்ட அளவு வேண்டும். அளவெடுக்க எந்த முதலாளியும் கதவைத் திறக்கவில்லை.

"அதனால என்னைத் திருட்டுத்தனமா மாட்டிக்கச் சொல்ற."

"திருட்டு இல்லக்கா. உன் உடம்பு, உன் சூடு. அதை நீ அளக்கறதுக்கு யாரைக் கேக்கணும்?"

"இதெல்லாம் நல்லாத்தான் பேசுற." அக்கா பொத்தானை ஈர விரலால் புரட்டினாள். "மாட்டிக்கிட்டா என்னை வெளிய தள்ளுவாங்க. அது தெரியுமில்ல?"

"பேரு வராது. இடமும் வராது. எந்தச் சலவைக்கூடம், எந்தத் தெரு, எதுவும் வெளிய போகாது. தகவல் மேசை என்னோடது, அக்கா. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவியா?"

"நான் பாத்துக்கறேன்."

அக்கா பொத்தானை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "ஒருத்தி மாட்டினா பத்துமா, இல்ல இன்னும் ஆள் வேணுமா?" என்றாள்.

ஆறு பேரைச் சேர்த்தாள். அதில் ரேடியோ என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருத்தி இருந்தாள், இஸ்திரி போடும் கைக்கும் பேசும் வாய்க்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கொடுக்காதவள். அவளிடம் ரகசியத்தைக் கொடுக்கலாமா என்று சின்னவள் தயங்கினாள். அக்கா சிரித்தாள். "அவ ஆயிரம் பேசுவா. சொல்லக் கூடாததை மட்டும் பேச மாட்டா. நீ உன் பக்கத்தைப் பாரு."

கோடை முழுவதும் ஏழு பொத்தான்கள் ஏழு கோட்டுகளுக்குள் இருந்தன. வாரத்துக்கு ஒருமுறை அக்கா அவற்றை ஒரு பழைய மாவு டப்பாவில் போட்டுக்கொண்டு வருவாள், சின்னவள் கணினியில் செருகி இறக்குவாள். திரையில் சூட்டைக் காட்டும் கோடு மதியத்தில் ஏறி நின்ற இடத்தைப் பார்த்துப் பட்டன் மேடம் முதலில் கருவியில் பழுது என்றாள். ஏழிலும் ஒரே மாதிரி பழுது இருக்காது என்று பிறகு அவளே வாயை மூடிக்கொண்டாள். வேறு அமைப்புகள் மூலமாக வெல்டிங் பட்டறை, ரொட்டி அடுப்பறை, அட்டைப்பெட்டிக் கூடம் என்று மற்ற இடங்களிலிருந்தும் பொத்தான்கள் வந்தன. ஆனால் எல்லாவற்றையும்விட மேலே நின்றது இஸ்திரி அறைதான்.

அந்த நேரத்தில்தான் நிலையம் கூரைக்காரரைக் கொண்டுவந்து பட்டன் மேடத்தின் எதிரில் உட்கார வைத்தது. அவரும் லாபமில்லாத ஆள்தான். தகரக் கூரைகளுக்கு வெள்ளையடித்துக் கொடுக்கிற அமைப்பு. அதற்காக ஊரின் கூரைகளையெல்லாம் மேலேயிருந்து படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர், ஆனால் சுண்ணாம்பு வாளியைத் தானே தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகிறவர்.

"உங்ககிட்ட சூடு இருக்கு, என்கிட்ட கூரை இருக்கு" என்றார். "ரெண்டையும் சேத்தா எந்தக் கூரைக்கு அடியில எவ்வளவு வேகுதுன்னு கண்ணால காட்டலாம். அதுக்கப்புறம் எந்த அதிகாரியும் வாய் திறக்க முடியாது."

சேர்த்துக் கொடுத்தது சின்னவள். பெயர்களை நீக்கினாள். தெருவை நீக்கினாள். தொழில் பெயரில் 'சலவை' என்பதை எடுத்துவிட்டு 'ஆவி சார்ந்த வேலை' என்று போட்டாள். இரண்டுமுறை சரிபார்த்தாள். கூரை எண்ணை மட்டும் விட்டுவைத்தாள். அது இல்லாவிட்டால் இரண்டு பட்டியலும் ஒட்டாது. வெறும் எண்தானே, எண்ணுக்கு முகமா இருக்கிறது?

இருந்தது. கூரைக்காரரின் வரைபடம் இணையத்தில் எல்லாருக்கும் திறந்து கிடந்தது. எண்ணைத் தட்டினால் கூரை வரும். இதை உலகத்தில் எவருக்கும் தெரியாத விஷயம் என்று சொல்ல முடியாது, சின்னவளுக்கே தெரியும். அந்த அமைப்புக்கு நிதி கேட்டு எழுதியபோது, 'ஒளிவுமறைவில்லாத திறந்த வரைபடம்' என்று பாராட்டி ஒரு பத்தி எழுதியதே அவள்தான். தகவலைத் திறந்து வைப்பது நல்லது என்று ஒரு கையால் எழுதினாள், மறைத்து வைக்கிறேன் என்று மறு கையால் சத்தியம் செய்தாள். இரண்டு கைகளும் ஒரே பட்டியலில்தான் வேலை செய்கின்றன என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

முதல் கூட்டம் பெரிய வெற்றி. துறை அதிகாரி, முதலாளிகள் சங்கத்துக்காரர், நிலையத்தின் இயக்குநர், அமைப்புகள் எல்லாம் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் திரையில் கூரைகளைக் காட்டினாள். குளிர்ந்த கூரை நீலம், வேகும் கூரை சிவப்பு. அதிகாரி, "உள்ளே வேலை செய்யறவங்களையும் சேக்கத்தான் வேணும் போலிருக்கே" என்றார். கைதட்டினார்கள். இயக்குநர் அவள் தோளைத் தட்டி, "தகவல்னா இதுதான்" என்றார். சங்கத்துக்காரர் மட்டும் கைதட்டாமல், முழுப் பட்டியலும் தங்களுக்குக் கிடைக்குமா என்று மரியாதையாகக் கேட்டார். "எல்லாமே இணையத்துல வெளிப்படையா இருக்கு" என்றாள் சின்னவள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அடுத்த வாரம் ஒரு மதியம். இயக்குநர் கொடுத்த அரைநாள் விடுமுறையில் சின்னவள் வீட்டில் இருந்தாள். படிக்கட்டில் இரண்டு ஜோடிச் செருப்புகளின் சத்தம். அக்கா இந்த நேரத்தில் வந்ததே கிடையாது. பின்னால் ரேடியோ.

"என்னக்கா, கரண்ட் போச்சா?"

அக்கா நேராக உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். ரேடியோதான் பேசினாள்.

"கரண்ட் இல்லம்மா, நாங்கதான் போயிட்டோம். முதலாளி காலையில மேல வந்தாரு. அந்த ஆளு வருஷத்துக்கு ஒருதரம் மேல வந்தா அதிகம். கையில போனு. போன்ல எங்க கூரை. வானத்துலேருந்து யாரோ புடிச்ச படம். சிவப்பா பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு. 'இது யாரோட கூரை?'ன்னு கேக்குறாரு. உங்களோடதுதான்னு சொன்னேன், அவருக்கே தெரியலையோன்னு நெனச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஏழு பட்டன்னு அதுல எழுதியிருக்காம். யார் யாருன்னு சொல்லுங்க, இல்லாட்டி ரூம் மொத்தமும் வெளியன்னாரு. மொத்தம் முப்பது பேரு நிக்கிறோம். ஒருத்தி அழுவுறா, ஒருத்தி எனக்குத் தெரியாதுங்கறா. உங்க அக்கா இஸ்திரிப் பெட்டிய ஓரமா வெச்சுட்டுக் கையத் தூக்கினா. அவ தூக்கினப்புறம் நாங்க எப்படித் தூக்காம இருக்கறது? ஏழு கையும் தூக்கியாச்சு. பள்ளிக்கூடத்துலகூட நான் இப்படிக் கை தூக்கினதில்ல."

அக்கா வாசலில் வந்து நின்றாள். "பேரு வராதுன்ன."

"பேரு வரலக்கா."

"இடம் வராதுன்ன."

"நம்பர் மட்டும்தான்..."

"எந்த நம்பர்? எனக்குக் காட்டு."

சின்னவள் மடிக்கணினியைத் திறந்தாள். பட்டியலில் எண்ணைத் தேடி வரைபடத்தில் அடித்தாள். திரை கொஞ்சம் சுற்றிவிட்டு ஒரு இடத்தில் போய் நின்றது. தகரக் கூரை, துரு ஏறிய ஓரம், பக்கத்து மாடியில் கருப்புத் தண்ணீர்த் தொட்டி, கயிற்றில் வரிசையாக வெள்ளை விரிப்புகள். ஒரு குழந்தைகூடத் தட்டியிருக்கலாம்.

அக்கா குனிந்து பார்த்தாள். "இந்த விரிப்பெல்லாம் நான் காயப்போட்டதுதான்" என்றாள். "இவ்வளவு மேலேருந்து பாத்தாலும் சுருக்கம் இல்லாமத்தான் இருக்கு."

ரேடியோ சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. சின்னவளுக்குக் கணினியை மூடவும் கை வரவில்லை, திறந்து வைத்திருக்கவும் முடியவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டுகிற அளவுக்குக்கூட அக்கா அவளைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலை சின்னவள் நேராகச் சலவைக்கூடத்துக்குப் போனாள். பள்ளி விடுமுறைகளில் அங்கே தலையணை உறை மடித்தவள்தான், காவலாளி அடையாளம் கண்டு உள்ளே விட்டார். முதலாளி கத்துகிறவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார். அவருடைய அறையிலும் வியர்த்தது, ஒரே ஒரு மின்விசிறி.

"உன் அக்கா வந்து கேட்டிருந்தா நானே ரெண்டு ஃபேன் போட்டிருப்பேன்மா."

அக்கா கேட்டிருக்கிறாள். மூன்று கோடைகளாக எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். சின்னவள் அதைச் சொல்லவில்லை. கெஞ்ச வந்தவள் வாதாடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடது சார். அவங்க யாரும் உங்களக் காட்டிக் கொடுக்கல. பட்டியல் போட்டது நான்."

"ஆஸ்பத்திரிலேருந்து போன் வருது. உங்க எடத்துல ஆள வேக வெக்கிறீங்களாமேன்னு. ஒப்பந்தம் போனா முப்பது பேருக்கும் நான் எங்க போவேன்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். விதி வரட்டும், மதியம் நிறுத்தச் சொன்னா நிறுத்துறேன். ஆனா கோட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சு எனக்குத் தெரியாம அளந்தாங்க பாரு, அந்த ஏழு பேரை நானா திரும்பக் கூப்பிட மாட்டேன்."

"விதியிலயே எழுதியிருந்தா?"

"என்னன்னு?"

"அளவெடுக்க உதவினவங்கள நீக்கக் கூடாது, நீக்கியிருந்தா திரும்பச் சேக்கணும்னு."

அவர் யோசித்தார். "எழுதியிருந்தா சேத்துத்தானே ஆகணும். எழுதச் சொல்லு."

இதை வீட்டில் சொன்னபோது அக்கா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ போய்ச் சொல்லு. ஏழு பேருக்கு வேலை போச்சுன்னு அந்த மேசையில சொல்லு. அழ வேணாம், கெஞ்ச வேணாம். நடந்ததைச் சொல்லு. உன்னால முடியுமில்ல?"

"முடியும்க்கா."

நிலையத்தில் அதற்குள் பட்டியலை இணையத்திலிருந்து சத்தமில்லாமல் நீக்கியிருந்தார்கள். பட்டன் மேடத்துக்கு அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. கூரைக்காரர், "என் வரைபடம் மொதல்லேருந்தே திறந்துதான் இருக்கு, நான் மறைக்கலையே" என்று யாரும் கேட்காமலேயே நாலு தடவை சொன்னார். பிறகு அவரே, வேலை போனவர்கள் வீட்டுக் கூரைக்கெல்லாம் இலவசமாக வெள்ளையடித்துத் தருகிறேன் என்றார். அந்த ஏழு பேரில் சொந்தக் கூரை உள்ளவர் யாரும் இல்லை என்று சின்னவள் சொன்னதும் பேச்சு நின்றது.

இயக்குநர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று வருடமாக இந்த விதிக்காகத் துறைகளின் வாசலில் காத்துக் கிடந்தவர்.

"நீக்கினவங்களத் திரும்பச் சேக்கணும்னு ஒரு பத்தி கேக்கறது நியாயம்தான். ஆனா கேட்டா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா, எங்ககிட்டேருந்து தகவல் கசிஞ்சுதுன்னு சொல்லணும். சொன்ன உடனே சங்கத்துக்காரர் அளவு மொத்தத்தையும் தூக்கிப் போடுன்னு சொல்வாரு. விதி அடுத்த கோடைக்குத் தள்ளிப் போயிடும். அதுக்கப்புறம் அதிகாரி மாறுவாரு, ஆட்சி மாறும். அதுவரைக்கும் வேகறது எத்தனை ஆயிரம் பேருன்னு உனக்கே தெரியும்." சற்று நிறுத்தினார். "நான் உன்னைத் தடுக்கல. கேள்வி வந்தா பதில் உன்னோடது. உன் மேசை."

தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

கடைசிக் கூட்டத்தில் அதே நீள மேசை. அதிகாரி வரைவைப் பக்கம் பக்கமாகப் படித்தார். 'கூரையின் கீழ் நிகழும் பணிகள்' என்ற சொற்கள் வந்தபோது பட்டன் மேடம் மேசைக்கு அடியில் சின்னவளின் கையைப் பிடித்து அழுத்தினாள். படித்து முடித்துவிட்டு அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும். இந்த அளவுகளைத் தந்த தொழிலாளர்களுக்கு அதனால ஏதாவது பாதிப்பு உண்டா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அவங்களுக்குப் பாதுகாப்பா ஒரு பத்தி சேக்கலாம். ஆனா அப்போ அளவெடுத்த முறையை நாங்க திரும்பப் பாக்கணும். நாளாகும், அதையும் சொல்லிடறேன்."

சங்கத்துக்காரரின் பேனா நின்றது. அவருக்குத் தெரியும். சலவைக்கூட முதலாளி அவருடைய சங்கத்து ஆள்தான். அவள் சொல்வாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் தண்ணீர் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற அமைப்புக்காரர்களும் ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளைத் தவிர.

பிற்பாடு காரணம் கேட்டால் ஆயிரக்கணக்கானவர்களுக்காக என்று சொல்லலாம். சொல்ல வாகான காரணம், பொய்யும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் மனதில் ஆயிரம் பேர் இல்லை. தகவலைக் கசியவிட்டவள் என்று இந்த மேசை தன்னைப் பார்க்கும் என்பதுதான் இருந்தது. போன கூட்டத்தில் கைதட்டிய இதே கைகள். இயக்குநர் தட்டிய தோள். இனி எந்த அமைப்பு இவளிடம் தன் தகவலைக் கொடுக்கும்? படித்தவள் என்று அக்கா சலவைக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த பெருமை மொத்தமும் ஒரு வாயசைவில் கரைந்துவிடும் என்று பயந்தாள். அந்தப் பெருமையைக் கட்டியவளே அதைக் கரைத்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அது ஞாபகம் இருந்தும் பயந்தாள்.

"பாதிப்பு எதுவும் இல்லைங்க" என்றாள்.

அதிகாரி தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். சங்கத்துக்காரர் பேனாவை மூடி அவளைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார், கூட்டாளியைப் பார்ப்பதுபோல.

வீட்டு வாசலில் ஏழு பேரில் நாலு பேர் இருந்தார்கள். இரும்புப் படிக்கட்டில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்திருந்தார்கள். மேலே அக்கா, கீழ்ப்படியில் ரேடியோ.

"வந்துட்டா மகாராணி" என்றாள் ரேடியோ. "என்ன, எழுதிட்டாங்களா?"

"விதி வந்துடும். உள்ள வேலை செய்யறவங்களுக்கும் உண்டு."

"அது சரி. எங்களைப் பத்தி?"

"அது... இல்ல."

"அவங்க கேக்கவே இல்லையா?" என்றாள் அக்கா மேலிருந்து.

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் இவர்களில் யாரும் இல்லை, யாரும் போய் விசாரிக்கப் போவதுமில்லை. ஆனால் ஒரே நாளில் இரண்டாவது பொய்யைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"கேட்டாங்க."

"என்னன்னு?"

"யாருக்காவது பாதிப்பு உண்டான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

ரேடியோவின் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அங்கே இருந்தவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. நடுப்படியில் இருந்தவள், ஆறு மாதக் குழந்தைக்காரி, மெல்ல எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சரி, நான் கிளம்புறேன். வேற எடம் பாக்கணும்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பஸ் போய்விட்டது என்று தெரிந்தவள் மாதிரி நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். படிக்கட்டு குறுகலானது. சின்னவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். ஒவ்வொருத்தியின் தோளும் அவள்மேல் உரசிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அவர்கள்மேல் இன்னும் சலவைத்தூள் வாசனை போகவில்லை.

கடைசியில் அக்கா மட்டும்.

"அக்கா, அந்த நேரத்துல நான்..."

"குழாய்ல தண்ணி நிக்கப் போகுது. குடத்தை எடு."

அதற்குமேல் அன்று அவர்கள் பேசிக்கொண்டது தண்ணீரைப் பற்றித்தான்.

விதி கோடை முடிவதற்குள் வந்துவிட்டது. சலவைக்கூட முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. மதியமானால் மேல்தளத்தில் இஸ்திரி நிற்கிறது. புதிதாகச் சேர்ந்த ஏழு பேர் மற்றவர்களோடு கீழ்த்தளத்துக் கிடங்கில் மடித்த விரிப்புக் கட்டுகளின்மேல் தலைவைத்துத் தூங்குகிறார்கள். தகரக் கூரைக்கு வெள்ளையும் அடித்தாகிவிட்டது, கூரைக்காரரே ஏணியில் ஏறி அடித்தார். இதெல்லாம் அக்காவின் காதுக்கு வந்தது. அவள் இப்போது இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் படிக்கட்டு கழுவுகிறாள்.

"தூங்கட்டும், பாவம்" என்றாள். "நாம அளந்த சூடுதானே."

நிலையத்தில் சின்னவளுக்கு ஒரு புது வேலை கொடுத்தார்கள். மற்ற அமைப்புகளுக்கு வகுப்பு எடுப்பது. இரண்டு பட்டியல்களைச் சேர்க்கும்போது எதை விட்டுவைக்கக் கூடாது, எந்த எண்ணுக்குப் பின்னால் எந்தக் கதவு இருக்கிறது என்று அவள் தெளிவாகச் சொல்லித் தருகிறாள். நன்றாகவே சொல்லித் தருகிறாள் என்று பெயர். ஒருமுறை ஒரு இளைஞன், "இப்படி நிஜமாவே யாருக்காவது நடந்திருக்கா மேடம்?" என்று கேட்டான். "நடக்க வாய்ப்பு உண்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். அன்று வகுப்பு முடிந்து கழிப்பறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமலேயே கைகழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

ரேடியோ ஒரு மாவு மில்லில் சேர்ந்துவிட்டாள், குழந்தைக்காரிக்கு எங்கோ பாத்திரம் கழுவும் வேலை. அதெல்லாம் அவர்களே தேடிக்கொண்டது. அதில் சின்னவளின் கணக்கில் வரவு வைக்க ஒன்றுமில்லை. அவள் திருப்பித் தர வேண்டியது, அவர்களுக்கு இருந்து அவளால் போன அந்த ஏழு வேலை. அது போனது என்று அந்த நீள மேசையில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம். இரண்டும் இன்னும் பாக்கி.